மூடிய பள்ளத்தின் அளவு

குன்னூர்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள அம்மணிக்கு,

அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நான்கு நாட்களாக மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. கூடலூருக்கு ஆடி மழை என்றால் குன்னூருக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் கணக்கு; ரேலியா அணை இந்த வாரத்தில் நிரம்பிவிடும் என்று பேசிக்கொள்கிறார்கள். அம்மாவின் முட்டிவலி பரவாயில்லை. தீபாவளிக்கு வந்தபோது நீ விட்டுப்போன ரெயின்கோட்டைக் காயவைத்து மடித்து, பீரோவின்மேல் வைத்திருக்கிறாள்.

போனிலேயே சொல்லிவிடக்கூடிய செய்திகள்தான் இவை. ஆனால் மூன்று வாரமாக நீ மழையையும் முட்டிவலியையும் மட்டும் விசாரித்துவிட்டுப் போனை வைத்துவிடுகிறாய். முன்பெல்லாம் நீ உதவிப் பொறியாளராக இருக்கும் ஊரில் எந்தத் தெருவில் எந்த மேன்ஹோல் மூடி உடைந்தது, எந்த மோட்டார் எரிந்தது, எந்தக் கவுன்சிலர் எதற்காகச் சத்தம் போட்டார் என்பதுவரை எனக்கு வந்து சேரும். "அப்பாவும் மகளும் சாக்கடையைத் தவிர வேறு எதுவும் பேசமாட்டீர்களா" என்று அம்மா சலித்துக்கொள்வாள். இப்போது அவளே, "ஏன் இவள் ஒன்றும் சொல்வதில்லை?" என்று கேட்கிறாள்.

தீபாவளியன்று முறுக்குத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, "மூடிவிட்ட பள்ளத்தை எப்படிப்பா அளப்பது?" என்று கேட்டாய். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையைப் போலக் கேட்டாய். நானும் வாத்தியாரைப் போலப் பதில் சொன்னேன். மூன்று இடங்களில் சோதனைக் குழி தோண்டச் சொல்லி, ஆழத்தை அளந்து, குழாயின் தர வகுப்பைப் பார்த்து, போட்டோ எடுத்து, அதன் பிறகு எம்-புக் என்னும் அளவுப் புத்தகத்தில் எழுது என்றேன். தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாய். அது எந்தப் பள்ளம் என்று நான் அன்றும் கேட்கவில்லை. இந்தக் கடிதத்திலும் கேட்கப்போவதில்லை. அளந்த பிறகு எழுது என்பதை மட்டும் மறுபடியும் சொல்லிக்கொள்கிறேன்.

பெங்களூர்க் கம்பெனியில் உனக்கு வேலை கிடைத்திருப்பதை அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். என்னிடம் நேரே சொல்லியிருக்கலாம். நகரங்களின் குழாய்களையும் சாலைகளையும் பாலங்களையும் கணக்கெடுத்து, எது எந்த நிலையில் இருக்கிறது, எது முதலில் உடையும், உடைந்தால் எத்தனை வீடுகள் தவிக்கும், எதை எந்த ஆண்டில் மாற்ற வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லும் வேலை என்றாள். அதை அற்பமான வேலை என்று அப்பா நினைப்பதாக நீயும் நினைத்துக்கொள்ளாதே. குழாய் வெடித்த பிறகு ஜேசிபியை அழைத்து ஓடுவதையே முப்பத்தொரு ஆண்டுகள் பராமரிப்பு என்று பெயர் சொல்லிச் செய்தவன் நான். வெடிப்பதற்கு முன்பே சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால், எத்தனை இரவுகள் நான் வீட்டில் தூங்கியிருப்பேன்!

ஆனால் அந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்பதை நீ மறந்துவிடக் கூடாது. 2000-01-இல் நகராட்சிகளின் கணக்கு முறையை மாற்றி, ஒவ்வொரு சொத்தையும் பதிவேட்டில் ஏற்றித் தேய்மானம் போட வேண்டும் என்றபோது, நாம் குவார்ட்டர்ஸில் இருந்த அந்த ஊரில் மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பதற்குச் சரியான வரைபடம் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் ஃபிட்டர் மாமாவின் தலைக்குள் இருந்தது. சர்ச் வளைவிலிருந்து பதினெட்டுத் தப்படி, பிறகு இடப்பக்கம், கல்லுக்கு அடியில் ஆறு அங்குல வால்வு என்று அவர் நடந்துகொண்டே சொல்ல, நான் பின்னால் எழுதிக்கொண்டே போனேன். சணலைத் திணித்து ஈயத்தைக் காய்ச்சி ஊற்றிய பழைய வார்ப்பிரும்பு ஜாயிண்டுகள் எவை, இடையில் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாயைச் சொருகிய இடம் எது என்பதெல்லாம் அவர் வாய்மொழிதான். ஐந்து நாட்கள் நடந்தோம். கணக்குப் பிரிவில் அவற்றில் பாதிக்கு மதிப்பே மிஞ்சவில்லை. புத்தகத்தில் மதிப்பு தீர்ந்துபோன குழாயில்தான் ஊர் முழுக்கத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அந்த ஐந்து நாளும் நான் டீ வாங்கித் தந்தால் ஃபிட்டர் மாமா வேண்டாம் என்றுவிட்டார். அதைப் பிறகு சொல்கிறேன்.

பெங்களூரில் உன் திரையில் தெரியும் ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் ஒரு பள்ளம் உண்டு. அதை மூடுவதற்கு முன்பு பக்கத்தில் நின்று பார்த்து எழுதிய ஓர் ஆள் உண்டு. அவர் பொய் எழுதியிருந்தால் நீ அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குப் போடும் திட்டமும் பொய்தான். உதவிப் பொறியாளர் வேலையைவிட்டு நீ போவதாக இருந்தால், அந்த வேலை பிடித்திருக்கிறது என்பதற்காகப் போ, நான் தடுக்கமாட்டேன். ஒரு புத்தகத்தின் ஒரு பக்கத்துக்குப் பயந்து போகிறாய் என்றால், அதை என்னிடம் சொல்லாமல் போகாதே. நம் குடும்பத்தில் முதல் பொறியாளர் நீ. உன் பெயருக்குப் பின்னால் உள்ள எழுத்துகளைக் கல்யாணப் பத்திரிகைகளில் போடச் சொல்லி நான் சொந்தக்காரர்களிடம் சண்டை பிடித்தவன்.

நேற்று மழை விட்ட நேரத்தில் கொல்லைப்பக்கத் தடுப்புச் சுவரைப் பார்த்தேன். மேல்வீட்டுக்காரர் அந்தப் பக்கம் மண்ணைக் கொட்டியதிலிருந்து சுவர் நடுவில் கொஞ்சம் வயிறு தள்ளியிருக்கிறது. கீழ் வரிசையில், தண்ணீர் வடிவதற்காக விட்ட ஏழு வீப் ஹோல் துளைகளில் இரண்டில்தான் தண்ணீர் வந்தது. நீளமான கம்பியை எடுத்து மற்ற ஐந்திலும் குத்தினேன். நான்காவது துளையில் ஒரு பிளாஸ்டிக் பை வேரோடு பின்னிக் கிடந்தது. அதை இழுத்ததும் சேறு கொப்பளித்து வந்து, கொஞ்ச நேரம் டீ நிறத்தில் ஓடி, பிறகு தெளிந்தது. அரை மணி நேரம் குடையோடு நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரைத் தள்ளுவதில் மண்ணைவிட, மண்ணுக்குள் வெளியேற வழியில்லாமல் நிற்கும் தண்ணீருக்குத்தான் வலு அதிகம். 1993 நவம்பரில் மரப்பாலத்தில் மலை சரிந்தபோது பார்த்தோம். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் கொட்டியபோதும் பார்த்தோம். நீ அப்போது கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தாய். மலை ரயில் மாதக்கணக்கில் ஓடவில்லை. உன் ஊர் சமவெளிதான் என்றாலும் மழைக்கு முன் வடிகால்களை நேரில் போய்ப் பார். ஆள் அனுப்பிப் பார்க்காதே.

கம்பியோடு நின்றபோதுதான் இதை உனக்கு எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

உன் காதுகுத்து 1996-இல், உனக்கு ஐந்து வயதில் நடந்தது. குலதெய்வக் கோயிலுக்கு மூன்று நாள் விடுப்பில் போயிருந்தேன். போகும்போது, லைன் வீடுகளுக்கு மேலே உள்ள நடைபாதையில் ஒரு தடுப்புச் சுவருக்கு அஸ்திவாரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது அஸ்திவாரம் மூடப்பட்டு, சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தது. எஸ்டிமேட்டில் அஸ்திவார ஆழம் 1.20 மீட்டர். கான்டிராக்டர், "பார்த்துத்தான் போட்டோம் சார்" என்றார். ஓரத்தில் ஒரு குழி தோண்டிப் பார்த்திருந்தால் அரை மணி நேர வேலை. மார்ச் முடிவதற்குள் பில் போக வேண்டும் என்று மேலிருந்து அவசரப்படுத்தினார்கள். நான் எம்-புக்கில் 1.20 என்று எழுதினேன். அந்தப் புத்தகத்தில் அழிக்கக் கூடாது, பக்கத்தைக் கிழிக்கக் கூடாது, பிழையானால் கோடிட்டுச் சுருக்கொப்பம் இட வேண்டும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். என் பக்கத்தில் அடித்தல் திருத்தல் எதுவும் கிடையாது. அவ்வளவு சுத்தமாக எழுதியிருந்தேன்.

அடுத்த ஆண்டு கார்த்திகையில் ஓர் இரவில் சுவர் விழுந்தது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஒரு வீட்டின் சமையலறை போயிற்று, எட்டு மாதம் பிள்ளைகள் சுற்றுவழியில் பள்ளிக்கூடம் போனார்கள். விடிவதற்கு முன்பே நான் டார்ச்சோடு போய், பெயர்ந்து கிடந்த அஸ்திவாரத்தை டேப் பிடித்து அளந்தேன். 45 சென்டிமீட்டர். டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

விசாரணையில், பக்கத்தில் ஓடிய குழாயின் கசிவால் மண் இளகிச் சுவர் சாய்ந்தது என்று எழுதிக் கொடுத்தேன். கசிவு இருந்தது உண்மை. நூலளவுக் கசிவு. அதையும் ஃபிட்டர் மாமா ஒரு மாதத்துக்கு முன்பே என்னிடம் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். நான் எங்கேயும் பதியவில்லை. அவருக்கு இரண்டு ஆண்டு ஊதிய உயர்வு நிறுத்தம். இரவு இரண்டு மணிக்கு வால்வுமேல் இரும்புக் கம்பியை ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்து, மண்ணுக்குள் தண்ணீர் கசியும் சத்தத்தைக் கேட்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். "ஃபிட்டர் மாமா ஏன் இப்போதெல்லாம் நம் வீட்டுக்கு வருவதில்லை?" என்று நீ அப்போது பலமுறை கேட்டிருக்கிறாய். அவருக்கு வேலை அதிகம் என்று உன்னிடமும் பொய்தான் சொன்னேன்.

காதுகுத்துக்குப் போனதால் நடந்தது என்று நீ எண்ணிவிடாதே. வந்த பிறகும் குழி தோண்ட நேரம் இருந்தது. நான் யாரிடமும் பணம் வாங்கவில்லை. வாங்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லியே இத்தனை ஆண்டுகள் யோக்கியனாக நடமாடிவிட்டேன். ஃபிட்டர் மாமா உயிரோடு இருந்தவரை அவரிடம் போய் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. சாவுக்குப் போனபோது அவர் மனைவி எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்.

இதைப் படித்துவிட்டு என்மேல் உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். உன்னிடம் ஒருவர் புத்தகத்தை நீட்டி, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, கையெழுத்து மட்டும்தான் பாக்கி என்று சொன்னால், ஒரு குழியாவது தோண்டச் சொல். முடியாது என்றால் முடியாது என்பதை எழுத்தில் வாங்கு. அதற்காக மாறுதல் போட்டால் போடட்டும். தமிழ்நாட்டில் குழாய் இல்லாத ஊர் எது? ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டாய் என்றாலும் ஒன்றும் முடிந்துவிடவில்லை. மேலதிகாரிக்கு நீயே எழுதிக் கொடுத்து, பில் போவதற்குள் மறு அளவு எடுக்கச் சொல்லலாம். எனக்கு அந்த வாய்ப்பு ஓராண்டு முழுவதும் இருந்தது.

வர்க்கியும் டீத்தூளும் புதன்கிழமை பஸ்ஸில் அனுப்புகிறேன். ரெயின்கோட்டும் அதே பையில் இருக்கும். சுவரைப் பற்றி அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அவள் கோயிலுக்குப் போய்விட்டு ஏழரைக்குத்தான் வருவாள். அந்த நேரத்தில் போன் செய்.

அன்புடன்,
அப்பா