கார் ஆயில் ஊற்றிய மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே அனைவரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்துவிட்டது. இப்போது திண்ணையிலிருந்தே என் நரையை எண்ணுகிறாள். வாத்தியார் பணி ஓய்வு பெற்றுவிட்டார், வாய்க்குத்தான் ஓய்வு இல்லை.

ஏற்காடு மலையில் பாதி வழியில் இன்ஜின் அலறியது, வண்டி ஏறவில்லை, இனி விற்க வேண்டியதுதான் என்று புலம்பியிருக்கிறாய். அதற்கு நான்கு வரி முன்னால், மைத்துனரின் காருக்கு வாங்கி மீந்த உயர்ந்த ரக சிந்தெடிக் ஆயிலை ஸ்பிளெண்டருக்கு ஊற்றியதாகப் பெருமை வேறு! அடப்பாவி, இரண்டையும் சேர்த்துப் பார்க்க மாட்டாயா?

காரில் கிளட்ச் பெரும்பாலும் தனியாக, உலர்ந்தே இருக்கும். உன் பைக்கில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். இக்காலக் கார் ஆயில்கள் பலவற்றில் மைலேஜுக்காக உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உண்டு. பிஸ்டனுக்கு நல்லதுதான். கவ்விப் பிடிக்க வேண்டிய கிளட்ச் பிளேட்டோ வழுக்கும்; இன்ஜின் அலறினாலும் விசை சக்கரத்துக்குப் போகாது. உடனே அதை வடித்துவிட்டு, டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' (ஆயிலில் நனையும் கிளட்ச் உள்ள பைக்குக்கான ஜப்பானியத் தரக் குறி) என்று போட்ட 10டபிள்யூ-30 ஊற்று. 'எம்பி' என்றிருந்தால் அது தங்கையின் ஸ்கூட்டருக்கு. வெயில் ஊருக்குக் கெட்டியான 20டபிள்யூ-50தான் சரி என்பார் உன் மெக்கானிக். பழைய புல்லட்காரர்களிடம் சொல்லட்டும்.

2,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறாராமே! கையேட்டில் 6,000 என்றிருக்கிறது. ஆயில் கறுத்துவிட்டது என்று விரலில் தொட்டுக் காட்டுவார்; மயங்காதே. கரியைத் தன்னோடு மிதக்க வைத்திருப்பது ஆயிலின் வேலை, அதைச் செய்ததால்தான் கறுத்திருக்கிறது. ஆனால் உன் கதை வேறு. வீட்டிலிருந்து கடை, கடையிலிருந்து வீடு. இன்ஜின் சூடேறுவதற்குள் நிறுத்திவிடுகிறாய். உள்ளே கசியும் பெட்ரோலும் ஈரமும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கிவிடும். நீ 6,000 ஓட்டி முடிக்க எத்தனை வருடமாகுமோ! ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடு. வடித்ததைச் சாக்கடையில் ஊற்ற விடாதே. காலி டப்பாவைக் கிழித்துப் போடு. போலி ஆயில் அடைப்பவர்களுக்கு அதுதான் முதலீடு.

இன்னொன்று, இது விளையாட்டில்லை. ஆயில் அளவுகோலைப் பார்த்து எத்தனை நாளாயிற்று? ஒழுக்கு இல்லாமல் ஆயில் குறைந்து, சைலன்சரில் நீலப் புகையும் வந்தால், பிஸ்டன் ரிங்கையோ வால்வு சீலையோ பார்க்கச் சொல். பழைய ஆயிலைவிட ஆயில் இல்லாமைதான் இன்ஜினைச் சீக்கிரம் கொல்லும். அது உன் அப்பா ஓட்டிய வண்டி. ஒரு டப்பா ஆயிலுக்காக அதை விற்றுவிடாதே.

புது ஆயிலுக்குப் பிறகும் வழுக்கினால் பிளேட்டை மாற்ற வேண்டியிருக்கும். எவ்வளவு செலவானது என்று தவறாமல் எழுது. மைத்துனரின் இலவச ஆயிலுக்கு என்ன விலை கொடுத்தாய் என்று வாத்தியாரிடம் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் கூட்டாளி