மெய்நிகர் மண்டபத்துக்கு ஆள் வரவேண்டுமானால்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் நகைக்கடைகள், புடைவைக் கடைகள், பழைய மாணவர் சங்கங்கள், நடனப் பள்ளிகள் என்று பல தரப்பினரும் இணையத்தில் முப்பரிமாண மெய்நிகர் மண்டபம் (வருபவர்கள் ஆளுக்கோர் உருவமாக உள்ளே நடமாடி, குரலில் பேசிக்கொள்ளும் அரங்கு) அமைப்பது பற்றி விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் விலைமனுக்களில் தூண்கள், விதானம், தரையின் பளபளப்பு பற்றியெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கும். எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் அங்கே நின்று வருபவர்களை வரவேற்கப் போகிறார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இருக்காது. பணம் வீணாவது இந்த இடத்தில்தான். இத்தகைய அரங்குகளை அமைக்கும் வேலையில் இருப்பவர்கள் என்ற முறையில், முற்பணம் கொடுக்குமுன் தெரிந்திருக்கவேண்டிய சிலவற்றைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்கிறோம்.

இது நேற்று முளைத்த சமாசாரமல்ல. லிண்டன் லேப் நிறுவனம் செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகைத் திறந்தது 2003இல். 2006, 2007ஆம் ஆண்டுகளில் பெரிய நிறுவனங்கள் அங்கே வரிசையாகக் குடியேறின. ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அங்கே ஒரு அலுவலகம் போட்டது. 2007இல் மாலைதீவும் சுவீடனும் தூதரகம் திறந்தன. அமெரிக்கன் அப்பாரல் ஆடைக்கடை 2006இல் திறக்கப்பட்டு அடுத்த ஆண்டே மூடப்பட்டது. கடைகள் பார்வைக்கு அழகாகவே இருந்தன. ஆனால் உள்ளே போனால் பேச ஆளில்லை. ஒருமுறை சுற்றிப் பார்த்தவர் மறுபடி வர என்ன காரணம்? அங்கே நிலத்தின் அலகு 256 மீற்றர் நீளமும் அதே அகலமும் கொண்ட சதுரம், ஏறக்குறைய 16 ஏக்கர். அவ்வளவு பரப்பில் பத்துப் பேர் நின்றால் வெறிச்சோடிப்போய்த்தான் தெரியும்.

அதே உலகில் பயன் கண்டவர்களும் உண்டு. ஸ்டார்வுட் நிறுவனம் தனது அலோஃப்ட் ஹோட்டலின் மாதிரியை 2006இல் அங்கே கட்டி, வந்தவர்களின் கருத்தைக் கேட்டது. நிஜ ஹோட்டல் திறந்தது 2008இல். கட்டுமுன் கேட்பது என்ற ஒரே காரியத்துக்குத்தான் அந்த இடத்தை அது வைத்திருந்தது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் நிதி திரட்டும் நடைபயணம் 2005 முதல் ஆண்டுதோறும் அங்கே நடந்துவந்திருக்கிறது. அதற்கு நாள் குறித்திருக்கும், பொறுப்பாளர்கள் இருப்பார்கள், வருபவர்களுக்குச் செய்ய ஒரு வேலை இருக்கும். ஆகவே முதலில் நிகழ்ச்சி நிரலை எழுதுங்கள், பிறகு சுவரைக் கட்டுங்கள் என்பதே எங்கள் நிலைப்பாடு.

எதற்கு இது பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டம், கணக்கறிக்கை, வாக்கெடுப்பு ஆகியவற்றுக்குச் சூம் போதும், அதுவே மேல். கூட்டம் முடிந்தபின் மூன்று பேர் ஒரு மூலையிலும் ஐந்து பேர் இன்னொரு மூலையிலும் நின்று கதைப்பார்களே, அது சூமில் நடக்காது. மெய்நிகர் மண்டபத்தில் தூரம் கூடக் கூடக் குரல் தேய்ந்துகொண்டு போவதால் பல உரையாடல்கள் ஒரே நேரத்தில் நடக்கும். பழைய மாணவர் ஒன்றுகூடல், புகைப்படக் கண்காட்சி, நூல் அறிமுகத்துக்குப் பின்னான சந்திப்பு ஆகியவை இதற்கு ஏற்றவை. மண்டபத்தின் அளவும் இதையொட்டியே அமையவேண்டும். இருபது பேருக்கு 12 மீற்றருக்கு 9 மீற்றர் போதும். பெரிதாகப் போட்டால் ஒருவர் குரல் மற்றவருக்கு எட்டாது. மேடையில் பேசுபவரின் குரல் மட்டும் மண்டபம் முழுதும் ஒரே அளவாகக் கேட்கும்படி தனி ஒலிவலயம் அமைக்கச் சொல்லுங்கள். இதை மறந்தால் பின்வரிசையில் நிற்பவருக்குப் பேச்சாளர் வாயசைப்பது மட்டுமே தெரியும்.

நம்மவர்களில் பெரும்பாலானோர் கைத்தொலைபேசியில்தான் வருவார்கள். மெய்நிகர்க் காட்சிக்கென தலையில் மாட்டும் கருவி வைத்திருப்பவர் மிகச் சிலர். எனவே செயலி எதுவும் இறக்காமல் இணைப்பைத் தொட்டவுடன் உலாவியில் திறக்கும் தளமே முதல் தெரிவு. கைத்தொலைபேசி தாங்கும் சுமைக்கு எல்லை உண்டு. உலாவி வழி மண்டபங்களுக்கென மொசில்லா நிறுவனத்தின் ஹப்ஸ் சேவை தந்த பரிந்துரைகளை இன்றும் அளவுகோலாக வைக்கலாம்: முழு மண்டபமும் (முப்பரிமாண உருவங்கள் சிறு முக்கோணங்களால் ஆனவை) 50,000 முக்கோணங்களுக்குள், மேற்பரப்பு வகைகள் 25க்குள், விளக்குகள் 3க்குள், படங்கள் பிடிக்கும் நினைவகம் 256 மெகாபைட்டுக்குள், இறங்கும் கோப்பு 16 மெகாபைட்டுக்குள்.

இவற்றில் அடிக்கடி கோட்டைவிடுவது படங்களின் நினைவகத்தில்தான். 4096 புள்ளி அகலமும் அதே உயரமும் கொண்ட ஒரு புகைப்படம் ஜேபெக் கோப்பாக மூன்று மெகாபைட் மட்டுமே இருக்கலாம். 'சின்னக் கோப்புத்தானே' என்று சுவரில் மாட்டிவிடுவார்கள். ஆனால் திரையில் காட்டும்போது அது விரிக்கப்பட்டு, ஒரு புள்ளிக்கு நான்கு பைட் வீதம் 64 மெகாபைட் எடுக்கும். அப்படி இருபது படம் மாட்டினால் 1,280 மெகாபைட். நடுத்தர விலை ஆண்ட்ராய்டு தொலைபேசி முதலில் சுடும், பிறகு பக்கம் தானாக மூடிக்கொள்ளும். வந்தவர் தன் இணையத் தொடர்பைக் குறைசொல்லிவிட்டுப் போய்விடுவார். அதே படங்களை 1024 புள்ளிக்குக் குறைத்தால் ஒன்றுக்கு 4 மெகாபைட், இருபதுக்கும் 80. மூன்று மீற்றர் தள்ளி நின்று சிறு திரையில் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. பெரிதாகப் பார்க்க விரும்புபவருக்குப் படத்தின் கீழே தனி இணைப்புக் கொடுக்கலாம்.

அடுத்தது தமிழ் எழுத்து. இதைப் பற்றி விலைமனுவில் யாரும் எழுதுவதில்லை. திறப்புவிழா அன்றுதான் கண்ணில் படும். பல முப்பரிமாணத் தளங்களின் எழுத்துப் பொறி (எழுத்தைத் திரையில் வரையும் மென்பொருள்), எழுத்துகளைச் சேமித்த வரிசைப்படியே அடுக்கும். தமிழில் எகர, ஐகாரக் கொம்புகள் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்பட்டு முன்னால் காட்டப்படவேண்டியவை. அந்த இடமாற்றத்தைப் பொறி செய்யாவிட்டால் 'செட்டியார் தெரு' என்று தட்டச்சிட்ட பலகையில் கொம்பு சகரத்தைத் தாண்டிப்போய் அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ரு, மு, ழு போன்றவை உடைந்து, எழுத்து ஒரு பக்கமும் குறி ஒரு பக்கமுமாகக் கிடக்கும். சரியான எழுத்துருவைப் போட்டாலும் இது தீராது, ஏனென்றால் குறை பொறியில் இருக்கிறது. நம்பகமான வழி, பெயர்ப்பலகைகளையும் விளக்கக் குறிப்புகளையும் இங்க்ஸ்கேப் போன்ற வரைகலை மென்பொருளில் அமைத்து, பிஎன்ஜி படமாக எடுத்துச் சுவரில் ஒட்டுவது. ஜேபெக்காக எடுத்தால் எழுத்தின் ஓரங்கள் கசியும். ஒரு பலகையில் எட்டு வரிக்கு மேல் வேண்டாம். வெளிர் பின்னணியில் அடர்ந்த எழுத்தே நல்லது. சிவப்பில் பொன்னெழுத்து கல்யாண அழைப்பிதழுக்கு எடுப்பாக இருக்கலாம், சிறு திரையில் ண, ன சுழிகள் கலங்கிவிடும். யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய ஆவணங்களைப் படமாக்குவதில் சிக்கலில்லை. ஆனால் அரட்டைப் பெட்டிக்கோ இணையப் பக்கத்துக்கோ போகும் எதையும் யூனிகோடுக்கு மாற்றியே ஆகவேண்டும்.

கலை நிகழ்ச்சி நடத்த விரும்புபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உலாவியின் இரைச்சல் நீக்கி, ஒரே சீராக ஒலிக்கும் எதையும் மின்விசிறிச் சத்தம் என்றே கருதும். தம்புராவும் சுருதிப் பெட்டியும் அதன் கணக்கில் இரைச்சல்தான். பாடகர் பாடுவார், சுருதி காணாமல் போகும். மிருதங்கத்தின் உரத்த சொல் விழுந்த மறுகணம் தானியங்கி ஒலிச்சீராக்கம் பாட்டையும் சேர்த்து அமுக்கும். இரைச்சல் நீக்கி, எதிரொலி நீக்கி, ஒலிச்சீராக்கம் மூன்றையும் அணைத்து, பாடுபவர் ஹெட்போன் அணிந்தால்தான் சரிவரும். கொழும்பில் நட்டுவாங்கம், ரொறன்ரோவில் நடனம் என்று சேர்த்து நடத்தவே முடியாது. ஒலி அங்கே போய்ச்சேரப் பத்தில் ஒரு விநாடிக்கு மேல் எடுக்கும். துரித காலத்தில் ஒரு சொற்கட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியே ஏறத்தாழ அவ்வளவுதான். கலைஞர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் இருந்து ஆடிப்பாடி, அது காணொளியாக மண்டபத் திரைக்கு வரட்டும். மெய்நிகர் மண்டபம் சபைக்கும் சம்பாஷணைக்கும் உரியது.

நிகழ்ச்சி நாளில் குறைந்தது மூன்று பேர் கடமையில் இருக்கவேண்டும். ஒருவர் வாசலில் நின்று பெயர் சொல்லி வரவேற்பவர். ஒருவர் மேடையையும் ஒலியையும் பார்ப்பவர். மூன்றாமவர் மண்டபத்துக்கு வெளியே, வட்ஸ்அப்பில், உள்ளே வரமுடியாமல் நிற்பவர்களுக்கு வழிசொல்பவர். இந்த மூன்றாமவர் இல்லாமல்தான் பல நிகழ்ச்சிகள் பாதி ஆட்களை இழக்கின்றன. இணைப்பைப் பேஸ்புக்குக்குள்ளேயே திறந்தால் அதன் உள்உலாவியில் ஒலிவாங்கி அனுமதி பெரும்பாலும் கிடைக்காது. குரோமிலோ சஃபாரியிலோ திறக்கச் சொல்லவேண்டும். திரையை ஒருமுறை தொடும்வரை உலாவி சத்தத்தை விடாது. ஒரே அறையில் இருவர் தனித்தனித் தொலைபேசியில் இருந்தால் ஊளைச்சத்தம் கிளம்பும். அலுவலக இணையத்தில் இருப்பவருக்குக் காட்சி தெரிந்தும் குரல் வராவிட்டால், அங்கே பாதுகாப்புச் சுவர் குரல் வரும் யுடிபி வழியை அடைத்திருக்கக்கூடும். கைத்தொலைபேசி டேட்டாவுக்கு மாறச்சொன்னால் தீரும். ஒரு மண்டபத்துக்கு 24 பேர் என்று வைத்து, அதற்கு மேற்பட்டோருக்கு இரண்டாவது மண்டபத்தை வாசல்வழி இணைப்பது பாதுகாப்பானது. மண்டபத்தை இயக்கும் வழங்கி (செர்வர்) சிங்கப்பூரிலோ மும்பையிலோ இருக்கட்டும்.

புலம்பெயர்ந்த உறவுகளையும் சேர்ப்பதானால் கொழும்பு நேரம் மாலை 4.30 தோதானது. ஜூலையில் அது லண்டனில் நண்பகல் 12, ரொறன்ரோவில் காலை 7, சிட்னியில் இரவு 9. டிசம்பரில் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் ஒரு மணி குறைத்து, சிட்னிக்கு ஒரு மணி கூட்டிக்கொள்ளவேண்டும்.

செட்டியார் தெரு நகைக்கடைக்காரர்களுக்கு: நகைகளை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து தருகிறோம் என்பவர்களிடம் ஒரு கல்லட்டிகையைக் கொடுத்து மாதிரி கேளுங்கள். புகைப்படங்களைத் தைத்து உருவம் எடுக்கும் முறை, ஒவ்வொரு படத்திலும் ஒரே புள்ளியை அடையாளம் கண்டே வேலை செய்கிறது. பளபளக்கும் பொன்னிலும் கல்லிலும் கமெராவை நகர்த்தும்போது ஒளிப்புள்ளியும் நகர்ந்துவிடுவதால் உருவம் குழம்பி, உருகிய மெழுகுபோல வரும். சுழல்மேடையில் வைத்து 36 படங்கள் எடுத்து, விரலால் திருப்பிப் பார்க்கும்படி செய்வது செலவும் குறைவு, நகையும் நகையாகத் தெரியும். புடைவைக்கு முந்தானையைக் கிட்டத்தில் எடுத்த படமும், உடுத்து நடக்கும் பத்து விநாடிக் காணொளியும் போதும். விற்பனையை உங்கள் சொந்த இணையத்தளத்திலோ தொலைபேசியிலோ முடியுங்கள். மெய்நிகர் நிலம் வாங்கக் கிரிப்டோ நாணயம் கேட்கும் தளங்கள் பக்கம் போகவேண்டாம். மெய்நிகர் நாணயக் கொடுக்கல்வாங்கலுக்கு வங்கி அட்டைகளைப் பயன்படுத்த அனுமதியில்லை என்று மத்திய வங்கி 2022இல் அறிவித்திருக்கிறது. வருபவர்களின் பெயர், தொலைபேசி இலக்கம் சேகரிப்பதானால் அதே ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனதில் வைத்து, எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதை வாசலிலேயே எழுதிவையுங்கள்.

கடைசியாக, எந்தத் தளமும் நிரந்தரமில்லை. கூகுள் 2008 ஜூலையில் தொடங்கிய லைவ்லி என்ற மெய்நிகர் தளம் அந்த ஆண்டு முடிவதற்குள் மூடப்பட்டது. மைக்ரோசொஃப்டின் ஆல்ட்ஸ்பேஸ் தளம் 2023 மார்ச்சில் நின்றது. மொசில்லா தன் ஹப்ஸ் சேவையை 2024 மே 31இல் நிறுத்தியது. ஆனால் ஹப்ஸின் நிரல் யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்தமூலம் என்பதால், தம் கோப்புகளைக் கையில் வைத்திருந்தவர்கள் வேறு வழங்கியில் மண்டபத்தை மீண்டும் எழுப்ப முடிந்தது. ஒப்பந்தத்தில் இதை எழுதி வாங்குங்கள்: மண்டபத்தின் ஜிஎல்பி கோப்பு (தளத்தில் ஏற்றும் முப்பரிமாண வடிவம்), அதைத் திருத்த உதவும் பிளெண்டர் மென்பொருள் மூலக்கோப்பு, எல்லாப் படங்களின் முழு அளவுப் பிரதி, ஒலிப்பதிவுகள் ஆகியவை இறுதித் தவணை கொடுக்குமுன் உங்கள் கைக்கு வரவேண்டும். சங்கமொன்றின் பழைய மலர்களையும் புகைப்படங்களையும் காட்சிக்கு வைப்பதானால் அவற்றின் பிரதிகளை 2005 முதல் இயங்கும் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்துக்கும் கொடுத்துவையுங்கள். மண்டபம் மூடப்பட்டாலும் ஆவணம் தப்பும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். மெய்நிகர் நிகழ்ச்சிகளின் அறிவித்தல்களைப் பிரசுரிக்கும்போது நாள், நேரம், இணைப்பு ஆகியவற்றோடு கைத்தொலைபேசி உலாவியில் திறக்குமா, எத்தனை மெகாபைட் டேட்டா பிடிக்கும், உதவிக்கு எந்த வட்ஸ்அப் இலக்கம் என்ற மூன்றையும் ஏற்பாட்டாளர்களிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

இப்படிக்கு,
மெய்நிகர் அரங்க வடிவமைப்பாளர்கள் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.