உச்ச வேகத்தை விடுங்கள், எடையிலிருந்து தொடங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆளுக்கொரு கதாபாத்திரமாகி மேசையில் பகடை உருட்டி ஆடும் ரோல்பிளேயிங் விளையாட்டுகளைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். ஓர் இடத்தில் மட்டும் மறுப்பு சொல்ல வேண்டியிருக்கிறது. கதைக்குள் காரோ லாரியோ வந்தால் உச்ச வேகம், ஹிட் பாயிண்ட் (எவ்வளவு அடி தாங்கும் என்பதைச் சொல்லும் எண்) என்று இரண்டு எண்களைக் குறித்துக்கொண்டால் போதும் என்கிறது கட்டுரை. துரத்தல் காட்சிகள் சப்பென்று முடிந்துபோவதற்கு இந்தப் பழக்கமே முக்கியக் காரணம். நெரிசலிலும் திருப்பங்களிலும் நடக்கும் துரத்தலில் எந்த வண்டியும் உச்ச வேகத்தைத் தொடுவதே இல்லை. எவ்வளவு சீக்கிரம் வேகம் எடுக்கிறது, எந்த வேகத்தில் திரும்ப முடியும், எங்கே நிற்கும் என்பவைதான் ஆட்டத்தைத் தீர்மானிக்கின்றன.

எடையிலிருந்து தொடங்குங்கள். ஆட்கள், சரக்கு, எரிபொருள் எல்லாம் சேர்ந்த எடை அது. அடுத்தது சக்கரத்துக்கு வந்து சேரும் திறன், கிலோவாட்டில். மூன்றாவது தரையின் பிடிப்பு: காய்ந்த தார்ச்சாலைக்கு 0.7, ஈரச் சாலைக்கு 0.5, தளர்ந்த மணலுக்கு 0.4, பனிக்கட்டிக்கு 0.1 என்று வைத்துக்கொண்டால் விளையாட்டுக்குப் போதும்.

1,200 கிலோ எடையும் 60 கிலோவாட் திறனும் உள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். கியர் மாற்றம், சக்கரச் சறுக்கல் என்று போக, வேகம் எடுக்கும்போது சராசரியாகப் பாதித் திறன்தான் கைக்கு வரும். 30 கிலோவாட் என்று வையுங்கள். வாட்டில் எழுதிய திறனை வினாடிகளால் பெருக்கி, இரட்டிப்பாக்கி, கிலோ எடையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று வேகம் கிடைக்கும்; அதை 3.6-ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை கி.மீ. என்று வரும். ஆட்டத்தின் ஒரு சுற்று கதைக்குள் 6 வினாடி என்றால் முதல் சுற்றின் முடிவில் மணிக்கு 62 கி.மீ., இரண்டாவதில் 88, மூன்றாவதில் 108. கூடும் அளவு சுற்றுக்குச் சுற்று குறைவதைக் கவனியுங்கள்: 62, 26, 20. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு கூட்டும் அட்டவணைகள் தவறுவது இங்கேதான். அவற்றில் எந்த வண்டியும் தொடக்கத்தில் மந்தமாகவும் பிறகு நம்ப முடியாத விரைவோடும் ஓடும்.

இதே காருக்கு இரும்புக் கவசம் போடுவோம். விளையாடுபவர்கள் கட்டாயம் கேட்பார்கள். 4 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரம் உள்ள பெட்டியின் மேற்பரப்பு 34 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர் எஃகுத் தகடு, 1 மில்லிமீட்டர் தடிமனுக்கு 7.85 கிலோ. 10 மில்லிமீட்டர் தகட்டால் சுற்றிலும் மூடினால் கூடும் எடை சுமார் 2,670 கிலோ, மொத்தம் 3,870. உச்ச வேகத்தை மட்டும் பார்த்தால் பெரிய இழப்பு தெரியாது, ஏனென்றால் சமதளச் சாலையில் அதை முக்கியமாகக் கட்டுப்படுத்துவது காற்றின் தடை. ஏறக்குறைய 180 கி.மீ. என்றிருந்தது 160-ஐ ஒட்டி நிற்கும். ஆனால் முதல் சுற்றின் வேகம் 62-லிருந்து 35-க்கு விழுந்துவிடும்! அச்சும் ஸ்பிரிங்கும் டயரும் இந்தச் சுமையைத் தாங்காது என்பது தனிச் சிக்கல். ஓட்டுநர் இருக்கையையும் இன்ஜினையும் மட்டும் மூடச் சொல்வதே நியாயமான தீர்வு.

திருப்பத்துக்கு வருவோம். பிடிப்பை 9.8-ஆலும் திருப்பத்தின் ஆரத்தாலும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், வழுக்காமல் திரும்பக்கூடிய வேகம் வினாடிக்கு மீட்டரில் வரும். 10 மீட்டர் ஆரமுள்ள தெருமுனையில் காய்ந்த சாலையில் கிடைப்பது மணிக்கு 30 கி.மீ. அதற்கு மேல் ஒவ்வொரு 5 கி.மீ.க்கும் பகடையில் ஒரு புள்ளி குறைக்கலாம். பகடையில் தோற்றால் என்ன ஆகும் என்பதையும் எண்ணே சொல்லும்: இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தைப் போல இரு மடங்கால் வகுங்கள். காருக்கு 1.5-ஐ 1.1-ஆல் வகுத்தால் 1.36, பிடிப்பைவிட அதிகம், எனவே வழுக்கும். ஈர்ப்பு மையம் 1.8 மீட்டர் உயரத்தில் இருக்கும்படி சரக்கு ஏற்றிய, 2 மீட்டர் சக்கர அகலமுள்ள லாரிக்கு 0.56, பிடிப்பைவிடக் குறைவு, எனவே கவிழும். அதே முனையில் 27 கி.மீ. தாண்டினாலே ஆபத்து. ஈரச் சாலையில் அதே லாரி கவிழாமல் வழுக்கும் என்பதும் இந்தக் கணக்கிலேயே வந்துவிடுகிறது. தனி விதி தேவையில்லை.

பிரேக் தூரம்: வினாடிக்கு மீட்டரில் எழுதிய வேகத்தின் வர்க்கத்தை, பிடிப்பையும் 19.6-ஐயும் பெருக்கி வந்த எண்ணால் வகுங்கள். 72 கி.மீ. வேகத்தில் 29 மீட்டர், 144-இல் 117. இதில் எடை வரவே வராது. கனமான வண்டி என்பதற்காக பிரேக் தூரத்தை இரட்டிப்பாக்குவது தவறு. பிரேக் சூடேறித் தளர்ந்தால்தான் அது நியாயம்.

மணலில் பெரும்பாலான விதிகள் ‘பாதி வேகம்’ என்று எழுதி நகர்ந்துவிடுகின்றன. தளர்ந்த மணலில் உருள்தடை, அதாவது சக்கரம் உருள்வதைத் தடுக்கும் விசை, எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை போகும். இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் விசை வரும் வண்டியில் அந்தச் சக்கரங்கள் தாங்குவது ஏறக்குறைய பாதி எடை, பிடிப்பு 0.4 என்றால் இழுக்கும் விசையும் அதே ஐந்தில் ஒரு பங்கு. இரண்டும் சமம், வண்டி நின்ற இடத்திலேயே புதையும். நான்கு சக்கர விசை இருந்தால் நகரும். கவசம் போட்ட நம் கார் அப்படி நகர்ந்தாலும் மணிக்கு சுமார் 28 கி.மீ.யைத் தாண்டாது.

ஹிட் பாயிண்டை எடையோடு நேர் விகிதத்தில் கூட்ட வேண்டாம். 40 டன் டாங்கிக்கு மனிதனைப் போல 500 மடங்கு வந்து நிற்கும். எடையின் கனமூலத்தை 5-ஆல் பெருக்குங்கள்: 80 கிலோ மனிதனுக்கு 22, நம் காருக்கு 53, 8 டன் லாரிக்கு 100, டாங்கிக்கு 171. கவசத்தை இதில் கலக்காமல், ஒவ்வோர் அடியிலிருந்தும் கழிக்கும் தனி எண்ணாக வையுங்கள். அப்போதுதான் கைத்துப்பாக்கியால் சுட்டுச் சுட்டு டாங்கியை வீழ்த்தும் அபத்தம் நடக்காது.

கடைசியாக வரைபடம். மணிக்கு இத்தனை கி.மீ. என்ற வேகத்தை 5-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்தால் 6 வினாடிச் சுற்றில் கடக்கும் மீட்டர் கிடைக்கும். 72 கி.மீ. என்றால் 120 மீட்டர், 1.5 மீட்டர் கட்டங்களில் 80 கட்டம், கட்டத்துக்கு ஓர் அங்குலம் என்று வரைந்த தாளில் 2 மீட்டருக்கும் மேல். எந்த மேசையும் தாங்காது. துரத்தலுக்கு மட்டும் ஒரு கட்டத்தை 15 மீட்டர் என்று மாற்றினால் 8 கட்டமாகிவிடும். வண்டியை விட்டு இறங்கியதும் பழைய அளவுக்குத் திரும்பலாம்.

இப்படிக்கு,
வாகன விதிகள் எழுதிவரும் வாசகர் ஒருவர்