பனிக்காலக் கதைகளைப் பனிக்காலத்திலேயே மேடையேற்றுங்கள்

ஆசிரியருக்கு,

பூர்வகுடி மக்களின் கதைகளை ஆர்கெஸ்ட்ரா இசையோடும் நாடகத்தோடும் பள்ளி மாணவர்களிடம் கொண்டுசெல்வது பற்றிக் கடந்த வாரம் வெளியான செய்தியைப் படித்து மகிழ்ந்தேன். கனடாவின் உண்மை, நல்லிணக்க ஆணையம் 2015இல் முன்வைத்த 94 பரிந்துரைகளில் 83ஆவது, பூர்வகுடிக் கலைஞர்களும் மற்றவர்களும் சேர்ந்து படைக்க வழிசெய்யச் சொல்கிறது. ஆனால் நான் அறிந்த பள்ளிகளில் இத்தகைய நிகழ்ச்சிகள் எல்லாம் செப்டம்பர் 30ஐ ஒட்டியே நடக்கின்றன. பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தங்கவைத்த வதிவிடப் பள்ளிகளில் மாண்ட, மீண்ட பிள்ளைகளை நினைக்கும் நாள் அது. அன்று அந்தத் துயரத்தைச் சொல்வது சரிதான். அனிஷினாபே என்னும் பூர்வகுடியினரின் குறும்புக்கார நாயகனான நானபுஷின் கதைகளுக்கோ காலம் வேறு. தரையில் பனி கிடக்கும் நாட்களில் மட்டுமே அவற்றைச் சொல்வது அனிஷினாபே மரபு. கதையை எடுத்துக்கொண்டு காலத்தை விட்டுவிட்டால் அது பாதி மரியாதைதான்.

நான் தொண்டராக உதவிய ஒரு பள்ளிக்குப் பெப்ரவரியில் ஒரு அனிஷினாபே மூதாட்டி கதை சொல்ல வந்தார். வயலினும் செலோவும் வாசித்த இருவரும் தாளைப் பார்க்கவில்லை, அவர் கையைப் பார்த்தே வாசித்தார்கள். அவர் பேச்சை நிறுத்தினால் இசையும் நின்றது. உடனே பிள்ளைகள், “அப்புறம்?” என்று கேட்டார்கள். ஆகவே கல்விச் சபைகள் இந்நிகழ்ச்சிகளில் சிலவற்றை ஜனவரி, பெப்ரவரிக்கு மாற்ற வேண்டும். எந்தக் கதை என்பதை அந்தந்தச் சமூகத்தின் மூத்தோரே முடிவு செய்யட்டும். முதல் ஒத்திகையிலிருந்தே அவர்களுக்கு உரிய ஊதியமும் தர வேண்டும்.

– ஒரு வாசகி, ஸ்காபரோ