குழுப்படத்துக்கு மதிப்பெண் போடும் முறை மாற வேண்டும்

ஆசிரியருக்கு, வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரக் கல்லூரிகளில் காட்சித் தொடர்பியலும் ஊடகவியலும் படிக்கும் மாணவர்கள் இந்தப் பருவத்துக் குழுப்படத்துக்கு இடம் தேடத் தொடங்கும் நேரம் இது. ஐந்தாறு பேர் சேர்ந்து ஆறேழு நிமிட ஆவணப்படம் ஒன்றை எடுத்துத் தர வேண்டும். இந்தத் தொழிலைக் கற்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் கடைசியில் திரையில் ஓடும் படத்துக்கு மட்டும் மதிப்பெண் போட்டு, அதையே குழுவில் எல்லோருக்கும் கொடுத்துவிடும் வழக்கம் அந்தப் பலனைக் கெடுக்கிறது. கேமரா வைத்திருந்தவரும் கணினி வைத்திருந்தவரும் தொழிலைக் கற்கிறார்கள். மற்றவர்கள் ட்ரைபாடு தூக்கியே தேர்ச்சி பெறுகிறார்கள். ஒவ்வொருவரும் தன் பொறுப்பில் செய்த வேலைக்கும், அந்த வேலையின் எழுத்துப் பதிவுக்கும் மதிப்பெண் வேண்டும் என்று கேட்கவே இக்கடிதம்.

செட்டிநாட்டில் படமெடுக்க இடத்துக்குப் பஞ்சமில்லை. 1940களிலேயே ஏ.வி. மெய்யப்பன் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ போட்ட மண் இது. இன்றும் கானாடுகாத்தான் வீடுகளைத் தேடிச் சினிமாக்காரர்கள் வருகிறார்கள். அதைப் பார்த்து மாணவர்களும் முகப்புத் தூண், தேக்குக் கதவு, ஸ்லோமோஷன், பின்னணியில் வீணை என்று எடுத்து வருகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதில் கற்றது குறைவு. படிப்புக்கு ஏற்றது, ஒரு வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை காட்டும் படம்: கண்டாங்கி நெசவு, பனையோலைக் கொட்டான் பின்னுவது, ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் பூ வேலைப்பாட்டு ஓடு) வார்ப்பது.

ஆத்தங்குடிக் கல்லையே எடுத்துக்கொள்வோம். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, நிறம் கலந்த சிமெண்ட் குழம்பை ஒவ்வொரு கண்ணியிலும் ஊற்றுவார்கள். அச்சை எடுத்ததும் மேலே உலர்ந்த மணல்-சிமெண்ட் தூவி, அதன் மேல் ஈரக் கலவை போட்டுச் சமன் செய்வார்கள். பிறகு உலரவிட்டுச் சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊற வைத்து, எடுத்துக் காய வைப்பார்கள். கண்ணாடியைப் பிரிக்கும்போது கல்லின் பளபளப்பு தெரியும். ஒரு கல்லை வார்க்கச் சில நிமிடம் போதும், முழுதாக முடியப் பல நாள் ஆகும். ஒரே நாளில் படப்பிடிப்பு வைக்கும் குழு இங்கேதான் மாட்டிக்கொள்கிறது. பட்டறையில் எல்லா நிலையிலும் கற்கள் கிடக்குமே, அதையே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், வார்க்கும்போது ஒரு பூவும் தொட்டியில் வேறு பூவும் வந்து நிற்கும். எனவே முதல் முறை போகும்போது கேமரா வேண்டாம், நோட்டுப் புத்தகம் போதும். அன்று எந்த அச்சு எத்தனை நாள் ஓடும், தொட்டியிலிருந்து என்றைக்கு எடுப்பார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு, அதற்கேற்ப இரண்டு நாளைக் குறிக்க வேண்டும். ஷாட் லிஸ்ட் (எடுக்க வேண்டிய காட்சிகளின் பட்டியல்) அதற்குப் பிறகு எழுதுவது.

கண்ணாடியைப் படமெடுக்கும்போது கேமராமேனே அதில் தெரிவார். போலரைசர் ஃபில்டர் போட்டு, கண்ணாடிப் பரப்பிலிருந்து ஏறக்குறைய 35 பாகைச் சாய்வில் பார்த்தால் பிரதிபலிப்பு நன்றாகக் குறையும். ஃபில்டர் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) வெளிச்சத்தைத் தின்னும் என்பதால் ஜன்னல் பக்கமாக நின்று எடுப்பது நல்லது.

படப்பிடிப்புக்கு முன்பே குழு எழுதி வைக்க வேண்டிய எண்கள் சில உண்டு. நொடிக்கு 25 ஃபிரேம் (தனிப்படம்), ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/50 நொடி, ஒலிப்பதிவின் மாதிரி வேகம் 48 கிலோஹெர்ட்ஸ். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி, ஆகவே அதில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்றால் ஒவ்வொரு ஃபிரேமிலும் சம அளவு வெளிச்சம் விழும். செல்போனை 30 ஃபிரேம், 1/60 என்று விட்டுவிட்டால் பட்டறையின் டியூப்லைட்டும் எல்இடியும் படத்தில் மினுக்கலாம், அதைப் பிறகு நீக்குவது பெரும்பாடு. பல செல்போன்கள் ஃபிரேம் வேகத்தைத் தாமாகவே ஏற்றி இறக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அந்தக் கோப்பை அப்படியே எடிட்டிங்கில் போட்டால் பேட்டியின் பாதியிலேயே வாயசைவும் குரலும் பிரியத் தொடங்கும். முதலில் சீரான 25 ஃபிரேமுக்கு மாற்றிக்கொண்ட பிறகே வெட்ட வேண்டும்.

இனி ஒலி. மாணவர் படங்களில் அதிகம் கெடுவது இதுதான், மதிப்பெண் போடுகிறவர்கள் குறைவாகக் கவனிப்பதும் இதைத்தான். செட்டிநாட்டு வீட்டில் சிக்கல் இன்னும் கூடுதல். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து வழவழவென்று தேய்த்த சுண்ணாம்புச் சுவர், கல் பாவிய தரை, உயரமான கூரை என்று ஒலியை உறிஞ்ச எதுவுமே இல்லை. பட்டாலையில் (வீட்டின் பெரிய கூடத்தில்) ஓர் ஆச்சியை உட்கார வைத்து, எட்டடி தள்ளி நிற்கும் கேமராவின் மைக்கிலேயே பேட்டியைப் பதிந்தால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் நேராக வரும் குரல் 6 டெசிபல் குறையும், எதிரொலியோ ஏறக்குறைய அப்படியே இருக்கும் என்பதுதான் காரணம். எதிரொலியைக் குறைக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன, ஆனால் அவை குரலையும் சேர்த்துச் சுரண்டிவிடுகின்றன.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். காலர் மைக்கை மோவாயிலிருந்து ஒரு சாண் கீழே குத்த வேண்டும். சேலைக் கொசுவத்துக்குள் செருகினால் துணி உரசும், தாலிச் சங்கிலி அருகே வைத்தால் ஒவ்வொரு அசைவுக்கும் டிங் என்று இடிக்கும். காலடியிலும், கேமராவில் தெரியாத பக்கச் சுவரிலும் ஜமக்காளம், போர்வை போட வேண்டும். பெரிய பட்டாலையைவிடப் பொருள்கள் அடைந்து கிடக்கும் சின்ன அறையே நல்லது. மின்விசிறியையும் குளிர்பெட்டியையும் நிறுத்த வேண்டும். நிறுத்திய குளிர்பெட்டிக்குள் வண்டிச் சாவியை வைத்துவிட்டால், திரும்பப் போட மறந்து வீட்டாரின் பால் கெடாது. உரத்துப் பேசும்போதும் அளவு முள் -12 டெசிபல் பக்கம் நிற்கட்டும். 0-வைத் தொட்டால் வெட்டுப்பட்ட குரல் திரும்பாது. தனி ரெக்கார்டரில் பதிந்தால், பிறகு படத்தோடு ஒலியைப் பொருத்துவதற்காகத் தொடக்கத்தில் ஒரு கைதட்டு, முடிவில் ஒரு கைதட்டு. அரைமணி நேரப் பேட்டியில் இரண்டு கருவிகளும் சில ஃபிரேம் விலகிப்போவது சாதாரணம். கடைசியாக, யாரும் பேசாமல் அசையாமல் அந்த அறையின் ஒலியை மட்டும் ஒரு நிமிடம் பதிய வேண்டும். இது இல்லாவிட்டால் எடிட்டிங்கில் வெட்டிய இடமெல்லாம் ஒலி அறுந்து ஓட்டை தெரியும். இவ்வளவையும் கவனிக்கக் காதில் ஹெட்போனோடு ஒருவர் வேண்டும், அவருக்கு அன்றைக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது.

வெளிச்சத்தில் கவனிக்க வேண்டியது வளவு, அதாவது வீட்டின் நடுவே உள்ள திறந்த முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும். நண்பகலில் முற்றம் கொளுத்தும், சுற்றுத் தாழ்வாரம் இருட்டாக இருக்கும். இரண்டையும் ஒரே ஃபிரேமில் பிடிக்கச் சாதாரண கேமராவால் முடியாது. காலை பத்து மணிக்குள் எடுங்கள், அல்லது முற்றத்தை ஃபிரேமுக்கு வெளியே தள்ளி, அந்த வெளிச்சத்தைத் தெர்மாகோலில் வாங்கி முகத்தில் அடியுங்கள். நிறக் கண்ணாடி ஜன்னல் அருகே ஆளை உட்கார வைத்தால் முகம் பச்சையோ சிவப்போ அடிக்கும், ஒயிட் பேலன்ஸ் (கேமராவின் நிறச் சமன்) மாற்றினாலும் போகாது.

எடுத்ததைப் பாதுகாப்பது கணக்கு சார்ந்த வேலை. நொடிக்கு 50 மெகாபிட் வீதம் பதிந்தால் நிமிடத்துக்கு 375 எம்பி, மணிக்கு 22.5 ஜிபி. ஆறு நிமிடப் படத்துக்கு ஒரு மணி நேரம் எடுத்தால் போதும். நான்கு மணி நேரம் எடுத்து வரும் குழு எதையும் முழுதாகப் பார்ப்பதில்லை. அன்றிரவே இரண்டு ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுத்து, திறந்து ஓட்டிப் பார்த்த பிறகே கார்டை அழிக்க வேண்டும். எடிட்டிங்குக்கு முன் பேட்டிகளை நேரக் குறிப்போடு தாளில் எழுதி, வேண்டிய வரிகளைத் தாளிலேயே அடுக்கிப் பார்க்க வேண்டும். படம் வெட்டி முடிந்தது என்று குழு கையெழுத்திட்ட பின்தான் ஒலிக்கலவை தொடங்க வேண்டும். பிறகு ஒரு ஷாட்டை நகர்த்தினால் ஒலியில் செய்த வேலை எல்லாம் இடம் மாறும்.

மதிப்பெண்ணுக்கு எங்கள் பரிந்துரை: 100-இல் முடிந்த படத்துக்கு 40 போதும். மீதி 60 தனித்தனியே: முன்னேற்பாட்டுத் தாள்களுக்கு 15, படப்பிடிப்பு நாள் பதிவேட்டுக்கு 15, பொறுப்பேற்ற வேலையின் தரத்துக்கு 15, நேர்முகக் கேள்விக்கு 15. பதிவேடு என்றால் டேக் எண் (எத்தனையாவது முறை எடுத்தது), கோப்புப் பெயர், அதில் என்ன குறை என்ற மூன்று கட்டங்கள்தான். நேர்முகத்தில் ஒலிப் பொறுப்பாளருக்குத் தன் படத்தின் ஒரு துண்டைப் போட்டுக் காட்டி, ஏன் இப்படிக் கேட்கிறது என்று கேட்டாலே போதும். எல்லோரும் எல்லாம் பழகட்டும் என்று மணிக்கொரு முறை வேலையை மாற்றிவிடும் முறை சரியல்ல. மாற்றிப் பழகுவதற்குப் பருவத் தொடக்கத்தில் ஒரு நிமிடப் பயிற்சிகள் வைக்கலாம். பெரிய படத்தில் ஒருவருக்கு ஒரு பொறுப்பு, அதற்கு அவரே பதில் சொல்ல வேண்டும்.

அனுமதி பற்றியும் ஒரு வேண்டுகோள். இங்குள்ள வீடுகள் பலவும் பல பங்காளிகளுக்குப் பொதுவானவை. சாவி வைத்திருப்பவர் தலையசைத்ததை நம்பிப் படமெடுத்துவிட்டு, திரையிடும் நேரத்தில் மறுப்பு வந்தால் பருவம் முழுதும் வீண். எந்த நாள், எந்த அறைகள், படம் எங்கே காட்டப்படும், இணையத்தில் ஏறுமா என்பதை எழுதிய ஒரு பக்கப் படிவத்தைத் துறையே அச்சிட்டு, தலைவரின் கையெழுத்தோடு மாணவர்களிடம் கொடுக்க வேண்டும். பேட்டி தருபவருக்கும் அப்படியே. அந்தப் படிவம் தமிழில் இருக்கட்டும், கையெழுத்திடுகிறவர் படித்துப் பார்த்துத்தான் போட வேண்டும்.

இப்படிக்கு,
காட்சி ஊடகப் பயிற்றுநர்கள் சிலர்,
காரைக்குடி.