முட்டைப் பந்து ஆட்டக்காரர்

தர்மபுரி
ஞாயிறு இரவு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மறக்காமல் விடு. உன்னைப் பற்றி எனக்குத் தெரியும். பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணமில்லை, ஒரு புத்தகம்.

இங்கே தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள கூடத்தில் மாதம் ஒரு ஞாயிறு ஏழெட்டுப் பேர் கூடிப் புத்தகம் பேசுகிறோம். நான் சபைக்காரன் இல்லை. முதல் முறை என்னை இழுத்தது வாழைக்காய் பஜ்ஜிதான். இந்த முறை ஆயர், கிறிஸ்தவக் கால்பந்து வீரர் ஒருவரின் வாழ்க்கைக் கதை என்று அறிவித்தார். நாம் பள்ளி மைதானத்தில் வெறுங்காலோடு உதைத்த ஆட்டம் என்று நம்பி ஆவலோடு போனேன். போன பிறகு பார்த்தால் அது அமெரிக்கக் கால்பந்து. பந்து முட்டை வடிவம். அதைக் காலால் தொடுவதே அபூர்வம். பத்து கஜம் முன்னேற நான்கு வாய்ப்பு, நடுவில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து அமுக்குவது. கபடிக்கும் ஜல்லிக்கட்டுக்கும் பிறந்த பிள்ளை என்று வைத்துக்கொள்.

வீரர் பெயர் டிம் டீபோ. 2007இல், கல்லூரி ஆட்டத்தின் உயரிய விருதான ஹைஸ்மனை இரண்டாம் ஆண்டு மாணவராக இருந்தே வாங்கிய முதல் ஆள். புத்தகம் ஆங்கிலம். எங்களில் பாதிப் பேருக்கு அது ஓடாது என்பதால், ஆயர் படித்துப் படித்து அதிகாரம் அதிகாரமாகத் தமிழில் சொன்னார். காதால் கேட்ட புத்தகம்.

பேச்சு சூடானது பிறப்புக் கதையில். பெற்றோர் பிலிப்பைன்ஸில் ஊழியம் செய்தவர்கள். தாய்க்கு அமீபாவால் வந்த கடும் வயிற்றுக்கடுப்பு, அதற்குக் கடுமையான மருந்துகள். கருவைக் கலைத்துவிடச் சொன்னார்கள் மருத்துவர்கள். அவர் மறுத்தார், 1987 ஆகஸ்டில் பிள்ளை பிறந்தது. ஆயர் இதை விசுவாசத்தின் சாட்சியாகச் சொல்லி முடித்தபோது எல்லாரும் தலையாட்டினோம், ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் அக்காவைத் தவிர. "அந்த டாக்டர் கெட்டவர் இல்லை ஐயா. தாயைக் காப்பாற்றத்தான் சொல்லியிருப்பார். துணிந்து பெற்றுப் பிழைக்காமல் போனவள் வீட்டுத் திண்ணையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அவளுக்கு யார் புத்தகம் எழுதுவார்கள்?" என்றார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இவர் ஆண் பிள்ளை. பெண்ணாய் இருந்து நம் பக்கம் பிறந்திருந்தால், டாக்டர் வேறு வந்து சொல்ல வேண்டுமா?" என்றார். தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் நம் மாவட்டத்துக்கும் நீட்டிக்கப்பட்டது உனக்கு நினைவிருக்கும். அந்தத் தொட்டிலுக்குப் பிள்ளை தூக்கிப் போனவர் இவர். ஆயர் பதில் பேசவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது.

அப்புறம் 316. வங்கியில் வேலை பார்க்கும் இளைஞன் ஒருவன் வருகிறான். நல்ல பையன், எண் பைத்தியம். 2009 ஜனவரி 8 அன்று கல்லூரி இறுதி ஆட்டத்தில் டீபோ கண்ணுக்குக் கீழே பூசும் கறுப்பு மையில் யோவான் 3:16 என்று பைபிள் வசன எண்ணை எழுதியிருந்தார். சரியாக மூன்று ஆண்டு கழித்து, 2012 ஜனவரி 8 அன்று, டென்வர் அணிக்காக பிட்ஸ்பர்க்கை எதிர்த்து ஆடியபோது அவர் எறிந்த பந்துகளால் அணி முன்னேறிய தூரம் மொத்தம் 316 கஜம். பையனுக்குச் சொல்லும்போதே மயிர்க்கூச்செறிந்தது. நான் அவன் ஃபோனையே வாங்கி அடுத்த வார ஆட்டத்தைத் தேடச் சொன்னேன். நியூ இங்கிலாந்திடம் 45–10 என்று தோல்வி. அந்த எண்ணுக்கு யாரும் வசனம் தேடவில்லையே தம்பி என்றேன். சிரித்தான், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

இதெல்லாம் புத்தகத்தில் கிடையாது. அது 2011லேயே, அவருடைய 23 வயதில் வந்துவிட்டது. அந்த வயதில் என்ன வாழ்க்கை வரலாறு என்று ஒருவர் கேட்டது நியாயம்தான். அணி அவரை விற்றது, அடுத்த அணி கழற்றிவிட்டது, பேஸ்பால் பக்கம் போய் அதிலும் உச்சிப் படியைத் தொடவில்லை. அந்த அத்தியாயங்களைத்தான் நான் படிக்க விரும்புவேன்.

உனக்கு நான் எழுத வந்தது வேறு. டீபோவுக்குச் சிறு வயதிலிருந்தே டிஸ்லெக்ஸியா. எழுத்து கண்ணுக்குள் ஒழுங்காக உட்காராது, தகப்பனாருக்கும் உண்டாம். பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பித்தார்கள். பெரிய ஆட்டக்காரரான பிறகும் ஆட்ட வியூகங்களைப் புத்தகமாகப் படிக்காமல் சின்னச் சின்ன அட்டைகளில் எழுதித்தான் மனத்தில் ஏற்றினார்.

ஆயர் இதைச் சொன்னபோது எனக்கு வாயிலிருந்த பஜ்ஜி இறங்கவில்லை. நாம் வாத்தியாராக இருந்த பள்ளியில் என் எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சு, பென்னாகரம் பக்கத்துப் பையன், நினைவிருக்கிறதா? 'படம்' என்று எழுதியிருந்தால் 'மடம்' என்பான். ஒரு வரி படிக்கக் கால் மணி நேரம். ஆனால் அதியமான் நெல்லிக்கனி கொடுத்த கதையை நான் ஒரு தரம் சொன்னதும், ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னவன் அவன் ஒருவன்தான். கேட்டு மனத்தில் வைத்துக்கொள்ளத் தெரிந்தவன் படிக்க மட்டும் மாட்டேன் என்கிறானே, திமிர் என்று நினைத்தேன். பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினேன். மண்டையில் களிமண் என்று வகுப்பு சிரிக்கும்படி சொன்னேன். காலாண்டு விடுமுறைக்குப் பிறகு அவன் வரவில்லை. பெங்களூரில் சித்தாள் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். வருகைப் பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன்.

கூட்டத்தில் கடைசியாக என் கருத்தைக் கேட்டார்கள். பரவாயில்லை, கொஞ்சம் நீளம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவனை ஆறாம் வகுப்பில் நீதான் வைத்திருந்தாய். எனக்குப் பெயர் நினைவிருக்கிறது, ஊர் மறந்துவிட்டது. அவன் அப்பா சந்தையில் கயிறு விற்பார் என்று ஒரு ஞாபகம். கண் நன்றாகத் தெளிந்ததும், அவசரமில்லை, ஊர் தெரிந்தால் ஒரு வரி எழுதிப் போடு. பென்னாகரத்துக்கு இங்கிருந்து பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை.

உன்,
பழைய பக்கத்து வகுப்பு வாத்தியார்