மாசிப் பச்சைக்கு முன்பே முடிந்துவிடும் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரை வேகமாகப் பெருகிவருவதாகத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெருகுவது உண்மைதான். ஆனால் மாநகராட்சியின் தலைக்கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு பேசினால் ஏமாந்துபோவோம். 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநகராட்சிக்குள் ஏறத்தாழ 9.4 லட்சம் பேர் இருந்தார்கள். 2001ல் அது கூடவில்லை, சற்றுக் குறைந்தது! அதற்காக மதுரையை விட்டு யாரும் ஓடிவிடவில்லை. மாசி வீதிகளில் வீடுகள் கடையும் குடோனுமாக மாற, குடும்பங்கள் ஆனையூர், திருப்பாலை, அவனியாபுரம் என்று எல்லைக்கு வெளியே மனை வாங்கிக் குடியேறின. 2011 கணக்கெடுப்பில் பழைய எல்லைக்குள் 10.17 லட்சம், ஒட்டியுள்ள ஊர்களையும் சேர்த்தால் 14.65 லட்சம். அதே ஆண்டில் அந்த ஊர்களை இழுத்துக்கொண்டு 72 வார்டுகள் 100 ஆயின. ஆக, ஆட்கள் முதலில் போனார்கள், எல்லைக்கோடு பின்னால் போனது.

இப்போதும் அதே கதைதான். ஒத்தக்கடை, கருப்பாயூரணிப் பக்கம் போய்ப் பாருங்கள். அடுக்குமாடி, பேக்கரி, தனியார் பள்ளி எல்லாம் இருக்கும், சாக்கடை இருக்காது. மாநகராட்சியில் சேர்க்கலாம் என்றாலோ வரி ஏறும், நூறு நாள் வேலை போய்விடும் என்று பாதிப்பேர் எதிர்க்கிறார்கள். அவர்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது.

நான் எழுத வந்தது மறுபக்கத்தைப் பற்றி, பிழைக்க ஊரை விட்டுப் போனவர்களை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எங்கே எழுதுவது என்பதைப் பற்றி. எங்கள் பேரையூர் வட்டத்திலும், சேடபட்டி, உசிலம்பட்டிப் பக்கமும் மழையை நம்பிய புஞ்சைக் காடுதான் அதிகம். இளவட்டங்கள் திருப்பூருக்கும், கோயம்புத்தூருக்கும், முறுக்கு வியாபாரத்துக்காக ஆந்திரா வரைக்கும் போய்விட்டார்கள். எங்கள் தெருவில் ஒரு அப்பத்தாவின் முந்தானையில் நாலு வீட்டுச் சாவி முடிந்திருக்கிறது. விளக்குப் போடவும், கரண்ட் ரீடிங் எடுக்க வரும்போது திறந்துவிடவும் அவர்தான். ஆனால் ரேஷன் கார்டைப் பார்த்தால் அத்தனை பேரும் ஊரில் இருக்கிறார்கள்.

2027 பிப்ரவரியில் ஆட்களைக் கணக்கெடுக்கப் போகிறார்கள். 2001ல் நானும் நோட்டும் பேனாவுமாகத் தெருத் தெருவாகப் போனவன்தான். "அவன் திருப்பூர்ல இருக்கான், ஆனா பேரு இங்கதான சார் இருக்கு, எழுதிக்கிருங்க" என்பார்கள். எடுத்துச் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கணக்கெடுப்பு நாட்கள் முழுவதும் வெளியூரில் தங்கியிருப்பவரை அங்கேதான் எழுத வேண்டும். ரேஷன் கார்டு வேறு, வாக்காளர் பட்டியல் வேறு, இது வேறு.

இதைவிட மோசமானது, இரண்டு இடத்திலும் விட்டுப்போவது. கம்பெனி ரூமில் தங்கியிருக்கும் பையன், "எங்க ஊர்ல எழுதியிருப்பாங்க" என்பான். ஊரில் அம்மா, "அங்கயே எழுதியிருப்பாங்க" என்பார். அவன் எந்த ஊர்க் கணக்கிலும் வரமாட்டான். ஊராட்சிக்கு வரும் நிதிக்குழு மானியத்தில் தலைக்கணக்குக்கும் பங்கு உண்டு என்பதால், இல்லாதவர்களையும் சேர்த்து எழுதச் சொல்லும் தலைவர்களும் இருப்பார்கள். ஊர்மேல் உள்ள பாசம்தான், ஆனால் ஆளில்லாத தெருவுக்கு யாரைக் கணக்குக் காட்டிப் பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றுவது?

எங்கள் பக்கம் ஊர் நிறைவது மாசிப் பச்சைக்குத்தான், அதாவது சிவராத்திரியை ஒட்டி வரும் குலசாமி கும்பிடுக்குத்தான். குலசாமி கும்பிட, பிழைக்கப் போன இடத்திலிருந்து வேன் பிடித்தாவது வந்துவிடுவார்கள். வரும் 2027ல் சிவராத்திரி மார்ச் 6. கணக்கெடுப்போ பிப்ரவரியோடு முடிகிறது. ஒருவகையில் இதுவும் நல்லதற்குத்தான், பூட்டிய வீடு பூட்டிய வீடாகவே பதிவாகும்.

அதற்கு முன் ஜனவரி 26 கிராம சபை வருகிறது. யாரை எங்கே எழுத வேண்டும் என்பதை அன்றைக்கே ஊர் கூட்டிச் சொல்ல மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். தாங்களும் அந்த விதியை எளிய தமிழில் முதல் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால், வெட்டி எடுத்து ரேஷன் கடைச் சுவரில் ஒட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
பேரையூர் வட்டம், மதுரை மாவட்டம்